ஏழாம் நம்பருக்கு ரெண்டு ஹார்ன்

பிப்ரவரி 6

அன்புத் தம்பி ஒட்டடைக்கு,

எப்படிடா இருக்கே? கழுத்து வலி குறைஞ்சுதா? இங்கே நானும் உன் அத்தானும் இருக்கோம். நலம்னு எழுதக் கை வரலை, அதனால இருக்கோம்னு எழுதறேன்.

போன் இருக்கறப்ப இவ எதுக்குக் காகிதத்தை எடுத்தான்னு நினைப்பே. எங்க வீடு ஒரு ரூம், ஒரு அடுப்படி. எங்கே நின்னு பேசினாலும் அவர் காதுல விழும். உடம்புல மத்ததெல்லாம் நின்னுபோச்சு, காது மட்டும் பாம்புக் காது. மெயில் போட்டா அவர் முகத்துக்கு நேரா இருக்கிற கம்ப்யூட்டர்லதான் வந்து விழும். என் போன் பேசறதுக்கு மட்டும்தான் லாயக்கு. அவரைப் பத்தி அவருக்குத் தெரியாம பேசணும்னா எனக்கு தபால்தான் வழி. நீயும் காகிதத்துலயே பதில் போடு.

விஷயம் இதுதான். நீயும் உன் கூட்டாளிங்களும் சம்பளம் இல்லாம எழுதற அந்த விளையாட்டு, அவர் பஸ் ஓட்டற அந்த கம்ப்யூட்டர் ஊருக்குள்ள அவரால போக முடியலை. போன வாரம் வரைக்கும் ஓடிச்சு. திங்கட்கிழமை காலையில திறந்தா, "உங்கள் பதிப்பு பழையது, புதுப்பிக்கவும்"னு வந்துது. புதுப்பிச்சேன். ஊர் தெரியுது, அவர் பஸ் நிக்குது, ஆனா அவர் கன்னத்துல ஒட்டியிருக்கிற பட்டனை அது கண்டுக்கவே மாட்டேங்குது. அமுக்கறார், அமுக்கறார், பஸ் அசையலை.

மூணு வருஷம் முன்னாடி லீவுல வந்தப்ப, தரையில உட்கார்ந்து அந்தப் பெட்டியையும் பட்டனையும் மாட்டினது நீதானே. அத்தான் முதல் தடவையா பஸ்ஸை நகர்த்தினப்ப நீயும் மூக்கைச் சிந்தினே, ஞாபகம் இருக்கா? அதனால நீயே பார்த்துச் சரி பண்ணு.

இன்னொண்ணு. இதை அவர்கிட்ட நான் சொல்லலை. கண்ணை விட்டா, அந்தக் கன்னத் தசைதான் அவர் உடம்புல கடைசியா அவர் பேச்சைக் கேட்கிறது. அஞ்சாறு மாசம் வரைக்கும் இருக்கலாம், அதுக்கு முன்னாடியும் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டார். கண்ணைப் பார்த்து ஓடற மெஷின் அவருக்கு ஒத்து வரலைன்னு உனக்கே தெரியும், கண் நடுங்குது. சீக்கிரம்டா.

உன் அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். கழுத்து வலி அப்படியேதான், ஆபீஸ்ல எட்டு மணி நேரம், வீட்டுல நாலு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தா கழுத்து எனக்கு நன்றியா சொல்லும்? அத்தானுக்கு என் வணக்கம். உன் முதுகைப் பார்த்துக்கோ, அவரைத் தனியாத் தூக்காதே.

நீ எழுதினதைப் படிச்சுட்டு உடனே புதுப் பதிப்பைத் திறந்து பார்த்தேன். டாக்டர் சொன்னது மனசைப் பிசையுது.

நடந்தது என்னன்னா, அந்தப் பெட்டி கம்ப்யூட்டரை ஏமாத்தும், நான் ஒரு பழங்காலத்து ஜாய்ஸ்டிக், விளையாட்டுக் குச்சின்னு. அந்த மாதிரிக் குச்சியை இப்ப யாரும் வெச்சிருக்கிறதில்லை. புதுப் பதிப்புல அதைக் கேட்கிற பகுதி இல்லை. பழைய பதிப்புக்கே திரும்பலாம்னா, சர்வர் உள்ளே விடாது. பழசுக்கு ஊர் பேசாது, புதுசுக்குப் பெட்டி பேசாது. நடுவுல அத்தான் மாட்டிக்கிட்டார்.

கவலைப்படாதே. பெட்டிக்கும் புதுப் பதிப்புக்கும் நடுவுல ஒரு பாலம் எழுதணும். ரெண்டு வாரம் கொடு.

அன்புத் தம்பி


மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைச்சுது. தைலம் தேய்ச்சியா? நீ எங்கே தேய்ப்பே.

ரெண்டு வாரம்னு எழுதியிருக்கே. அந்த ரெண்டு வாரம் கடிதம் வந்து சேரறதுக்குள்ளேயே முக்கால்வாசி போயிடுச்சு. சரி, எப்படி நாள் போகுதுன்னு சொல்றேன் கேளு.

காலையில உடம்பு துடைச்சு, குழாய் வழியா ஆகாரம் கொடுத்து, சாய்ச்சு உட்கார வைக்க ஒன்பதரை ஆயிடும். பத்து மணிக்கு அவர் பஸ் எடுக்கணும். இருபத்தாறு வருஷம் நிஜ ஊர்ல ஏழாம் நம்பர் ஓட்டினவர், இந்த ஊர்லயும் பத்து மணிக்கு ஒரு நிமிஷம் முன்னே பின்னே போனதில்லை. இப்பவும் சரியா பத்துக்கு கன்னம் துடிக்குது. டிக், டிக், டிக். திரையில பஸ் நிக்குது. ஸ்டாப்புல ஏழெட்டுப் பேர் நிக்கறாங்க. யாரோ எந்த ஊர் ஆளுங்களோ, முகம் தெரியாத ஜனங்க, அவர் பஸ்ஸுல ஒரு சுத்து சுத்திட்டு வேலைக்குப் போறவங்க. அவங்க கை ஆட்டறாங்க. இவரால ஒரு ஹார்ன் அடிக்க முடியலை.

ஒரு வரி எழுதவே அவருக்குக் கால் மணி நேரம் ஆகும், அதனாலதான் ஹார்னையே பேச்சா வெச்சிருந்தார். ஒண்ணு அடிச்சா இல்லை. ரெண்டு அடிச்சா சரி. அதுவும் போச்சு. இப்ப என்கிட்ட மட்டும் கண்ணால பேசறார், மேலே பார்த்தா ஆமா. நான் ஒருத்தி எவ்வளவுதான் கேட்பேன்?

எனக்கு உன் வேலையைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. ஆனா ஒண்ணு கேட்கறேன். முன்னாடி இருந்ததைத்தானே எடுத்தாங்க? எடுத்ததை எடுத்த இடத்துலயே வெச்சா என்ன?

அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்கா,

நலமா? இங்கே பனி விட்டு வெயில் வந்திருக்கு. கழுத்துக்குப் பட்டை போட்டிருக்கேன்.

எடுத்ததை அப்படியே வைக்கிறது நீ நினைக்கிற மாதிரி இல்லைக்கா. ஒரு பதிப்பு வெளியே போயாச்சுன்னா அதை நம்பி ஆயிரம் பேர் இருப்பாங்க. பழசைத் திரும்பச் சொருகினா வேற எங்கேயாவது பிய்ச்சுக்கும். குழுவுல கேள்வி வரும். ஒரு நாள்ல ஆகிற காரியம் இல்லை. முறையா ஒரு தடவை பண்ணிட்டா அத்தானுக்கு எப்பவும் பிரச்சினை வராது.

அதுவரைக்கும் ஒரு வழி பண்ணியிருக்கேன். டவுன்லோட் கிவுன்லோட் எல்லாம் உனக்கு வராதுன்னு இந்தக் கவருக்குள்ள ஒரு பென் டிரைவ் வெச்சிருக்கேன். அதுல பழைய பதிப்பும் இருக்கு, ஊரோட ஒரு நகலும் இருக்கு. சர்வர் எதுவும் வேண்டாம், உங்க கம்ப்யூட்டருக்குள்ளயே ஓடும். அத்தான் போட்ட தெரு, ஸ்டாப், சிக்னல் எல்லாம் அப்படியே. பட்டன் வேலை செய்யும். அத்தான் பஸ்ஸை எடுக்கட்டும்.

அன்புத் தம்பி


ஏப்ரல் 4

தம்பிக்கு,

சுகமா இரு. பென் டிரைவ் வந்துது. மாட்டினேன். பட்டன் வேலை செஞ்சுது.

கன்னம் துடிச்ச உடனே பஸ் நகர்ந்துதுடா. நான் கையைத் தட்டிட்டேன். முதல் ஸ்டாப்புல நிறுத்தினார். யாரும் இல்லை. ரெண்டு ஹார்ன் அடிச்சார், காத்திருந்தார். அடுத்த ஸ்டாப்பு. அங்கேயும் இல்லை. ஒன்பது ஸ்டாப்புலயும் நிறுத்தி, ஒன்பது ஸ்டாப்புலயும் ஹார்ன் அடிச்சு, கதவைத் திறந்து மூடி, ஒரு சுத்து முடிச்சு பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவ்வளவுதான். மறுநாள் பத்து மணிக்கு நான் திறந்தேன். கன்னம் அசையலை. எடுக்கலையான்னு கேட்டேன். கண் மேலே போகவே இல்லை. ஆளே இல்லாத ஊர்ல யாருக்குடா பஸ்? நீ தப்பா நினைக்காதே, நல்லதுக்குத்தான் அனுப்பினே. ஆனா அதை இனிமே திறக்க மாட்டேன்.

அந்த பஸ்ஸுல கண்டக்டர் மாதிரி நிப்பாரே ஒருத்தர், எங்கேயோ கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வெச்சிருக்கார்னு சொல்வேனே, அவர் நேத்து போன் பண்ணினார். ரெண்டு மாசமா டிரைவரைக் காணோமேன்னு நம்பர் தேடிப் பிடிச்சிருக்கார். நல்ல மனுஷன். அத்தான் காதுல விழக் கூடாதுன்னு நான் ம் மட்டும் கொட்டினேன், அவர்தான் பேசினார். அவர் ரெண்டு விஷயம் சொன்னார்.

ஒண்ணு, அந்தப் பழைய பகுதியை எடுக்கறதுக்கு முன்னாடி, "இதை யாராவது பயன்படுத்தறீங்களா, ஆறு வாரத்துல எடுத்துடுவேன்"னு ஒரு அறிவிப்பு போட்டாங்களாமே? அதுவும் எழுதறவங்க மட்டும் படிக்கிற இடத்துல. பஸ் ஓட்டறவர் அதை எங்கேடா போய்ப் படிப்பார்?

ரெண்டு, அதைத் திருப்பி வைக்கிறது ஒரு நாள் வேலைதானாம். உங்ககிட்ட எல்லா மாத்தத்துக்கும் பட்டியல் இருக்கும், யார் எடுத்தாங்கன்னு பேரே இருக்கும்னு சொன்னார். எடுத்தவர் யாரு தம்பி? அவர்கிட்ட நீ பேசினியா?

அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் போடத் தாமதம் ஆயிடுச்சு, மன்னிச்சுக்கோ. ஆபீஸ்ல கணக்குவழக்கு இல்லாம வேலை. அத்தானுக்கு உடம்பு எப்படி இருக்கு? நீ சரியாத் தூங்கறியா?

கண்டக்டர் நல்லவர்தான், ஆனா வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்கு எல்லாமே ஒரு நாள் வேலையாத்தான் தெரியும். பட்டியல்ல ஒரு பேர் இருக்கும், வாஸ்தவம்தான். ஆனா அது குழுவாச் சேர்ந்து எடுத்த முடிவு. யாரையும் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லைக்கா. அறிவிப்புக்கு ஒருத்தர் கூடப் பதில் போடலை.

ஒரு நல்ல செய்தி. அடுத்த பதிப்புக்கு என்னைப் பொறுப்பா போட்டிருக்காங்க. நாலு பேர்ல என்னைத் தேர்ந்தெடுத்தாங்க. இனிமே எது உள்ளே வரணும், எது போகணும்னு நான் சொல்றதுதான். பாலம் முக்கால்வாசி முடிஞ்சுது. இந்தப் பதிப்போட சேர்த்தே வெளியே விடறேன். அத்தான் ஒருத்தருக்கு மட்டும் இல்லை, அவர் மாதிரி ஒரு பட்டனை வெச்சு வாழற எல்லாருக்கும் உதவும்.

இன்னும் கொஞ்சம் பொறு.

அன்புத் தம்பி


மே 9

தம்பிக்கு,

உனக்குப் பொறுப்பு கொடுத்தது சந்தோஷம்.

கன்னம் சோர்ந்துபோகுது. பத்து தடவை முயற்சி பண்ணினா மூணு தடவைதான் பட்டன் டிக்குங்குது. பட்டனை நகர்த்தி நகர்த்தி ஒட்டிப் பார்க்கறேன். தோல் புண்ணாயிடுச்சு.

எல்லாருக்கும் உதவற பாலம் அப்புறம் வரட்டும்டா. இந்த மனுஷனுக்கு இப்ப ஏதாவது கொடு. அசிங்கமா இருந்தாலும் பரவாயில்லை, அரைகுறையா இருந்தாலும் பரவாயில்லை. உன் காலைப் பிடிச்சுக் கேட்கறேன்னு வெச்சுக்கோ. எடுத்தவர் யாருன்னு நான் இனிமே கேட்க மாட்டேன். யாரா இருந்தாலும் அவர் கையாலயே திருப்பி வைக்கச் சொல்லு.

அக்கா


மே 24

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் நாலு நாள் முன்னாடி வந்துது. படிச்ச அன்னைக்கே உட்கார்ந்து முடிச்சுட்டேன். கழுத்தாவது ஒண்ணாவது!

28ஆம் தேதி பதிப்பு வெளியே வருது. நீ எதுவும் பண்ண வேண்டாம். கம்ப்யூட்டரே தானா இறக்கிக்கும். திறந்ததும் "புதிய சாதனம் கிடைத்தது"னு ஒரு வரி வரும், சரின்னு அமுக்கு. லேசா தொட்டாலே போதுங்கிற மாதிரி வெச்சிருக்கேன், முன்னாடி மாதிரி அழுத்த வேண்டாம். பழையதை விட இது நூறு மடங்கு நல்லா இருக்கும்.

அத்தானைப் பஸ்ஸைத் துடைச்சு வைக்கச் சொல்லு. ஒரு நாள் நானே வந்து ஏறப்போறேன்.

அன்புத் தம்பி


ஜூன் 8

தம்பிக்கு,

வந்துது. நீ சொன்ன வரி வந்துது. சரி அமுக்கினேன். பெட்டி வேலை செய்யுது. பஸ் தினமும் பத்து மணிக்குக் கிளம்புது. ஸ்டாப்புல எல்லாரும் கை தட்டினாங்க, கண்டக்டர் அழுதேன்னு போன் பண்ணினார்.

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கே? நான் ரொம்ப நாள் கழிச்சு நல்லா இருக்கேன். கழுத்துப் பட்டையைக் கழட்டிட்டேன்.

புதன்கிழமை ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுட்டு அத்தான் பஸ்ஸுல ஏறினேன். மூணாவது ஸ்டாப்புல நின்னேன். மெதுவா வந்து, எனக்கு நேரா கதவு வர்ற மாதிரி அளவெடுத்து நிறுத்தினார். இருபத்தாறு வருஷக் கை இல்லையா, சும்மாவா? கடைசி ஸ்டாப்பு வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் இறங்கினப்புறம் அத்தான்கிட்ட ஒரு விஷயம் பேசினேன். ரொம்ப நாளா மனசுல அரிச்சுக்கிட்டு இருந்தது. அது எங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும், நீ கேட்காதே.

எழுதிட்டு பதிலுக்காகக் காத்திருந்தேன். நாலு நிமிஷம் ஆச்சு. உங்க இணைப்பு மந்தம் போல. அப்புறம் ரெண்டு ஹார்ன் அடிச்சார். அக்கா, என் மேல இருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வெச்ச மாதிரி இருந்துது. அத்தான் மனசு யாருக்கு வரும்?

உங்க ரெண்டு பேர் உடம்பையும் பார்த்துக்கோ.

அன்புத் தம்பி


ஜூலை 3

தம்பிக்கு,

கழுத்து எப்படி இருக்குன்னு இந்தத் தடவை கேட்கலை.

அத்தான் கன்னம் மே பதினேழாம் தேதி நின்னுபோச்சு. காலையில பத்து மணிக்கு ஒரே ஒரு தடவை டிக்குன்னுது, அதுக்கப்புறம் இல்லை. உன் பாலம் வந்தது பதினொரு நாள் கழிச்சு. வந்த அன்னைக்குப் பட்டனை அவர் கன்னத்துல இருந்து பிரிச்சு என் கையில வெச்சுக்கிட்டேன். அன்னைக்கு இருந்து பஸ்ஸை ஓட்டறது நான்தான். அவர் பார்த்துக்கிட்டே இருப்பார். எங்கே நிறுத்தணும்னு நான் கேட்பேன், மேலே பார்ப்பார், நிறுத்துவேன். உனக்கு நேரா கதவு வந்துதுன்னு எழுதியிருக்கியே, அதுக்கு நான் ஒரு வாரம் பழகினேன்.

எடுத்தவர் பேரைக் கண்டக்டர் ஏப்ரல் மாசமே படிச்சுக் காட்டிட்டார். "ஒட்டடைன்னு யாரோ ஒருத்தர்"னு சொன்னார். குச்சி மாதிரி இருக்கானேன்னு உனக்கு ஒன்பது வயசுல நான் வெச்ச பேர். அந்தப் பேரை அங்கேயும் வெச்சிருக்கியான்னு ஒரு நிமிஷம் பெருமையா இருந்துது, அப்புறம்தான் விஷயமே உறைச்சுது. மறுநாளே உனக்கு எழுதினேன். யாருன்னு கேட்டேன். நீயே சொல்லுவேன்னு பார்த்தேன். கையாலயே திருப்பி வைக்கச் சொல்லுன்னும் எழுதிப் பார்த்தேன். அதைவிட எப்படிடா கேட்கிறது?

நீ பஸ்ஸுல எழுதினதை வரிக்கு வரி நான்தான் அவருக்குப் படிச்சுச் சொன்னேன். "அத்தான், அதை எடுத்தது நான்தான். எடுக்கும்போது உங்க ஞாபகமே வரலை. அக்கா கடிதம் வந்தப்பதான் தெரிஞ்சுது. அன்னைக்கே திருப்பி வெச்சிருக்கலாம், ஒரு நாள் வேலைதான். யாருக்கும் வேண்டாத பகுதின்னு எல்லார் முன்னாடியும் அடிச்சுச் சொல்லியிருந்தேன். பொறுப்பு கையில வர்ற நேரம். வெட்கமா இருந்துது. அக்காகிட்ட சொல்லிடாதீங்க. என்னை மன்னிப்பீங்களா?" இதையெல்லாம் என் வாயால படிச்சேன். "அக்காகிட்ட சொல்லிடாதீங்க"ங்கிறதையும் படிச்சேன்.

படிச்சு முடிச்சு அவரைப் பார்த்தேன். மேலே பார்த்தார். உடனே பார்த்தார்டா, யோசிக்கக் கூட இல்லை.

நீ நாலு நிமிஷம் காத்திருந்தேன்னு எழுதியிருக்கே. இணைப்பு மந்தம்னு நினைச்சுக்கிட்டே. எங்க இணைப்புக்கு ஒரு கேடும் இல்லை. என் கை போகலை. பட்டனை வெச்சுட்டு அடுப்படிக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு சும்மா நின்னேன். பிப்ரவரியில இருந்து மே வரைக்கும் எத்தனை காலைன்னு மனசுக்குள்ள ஓடுச்சு. டிக், டிக்னு அவர் சும்மா அமுக்கிக்கிட்டு இருந்த காலையெல்லாம். திரும்பி வந்து பார்த்தா, இன்னும் மேலேயே பார்த்துக்கிட்டு இருக்கார். அந்தக் கண்ணை அப்படி நிறுத்தி வைக்கிறது அவருக்கு எவ்வளவு பாடுன்னு உனக்குத் தெரியாது. நடுங்குது, தண்ணியா ஊத்துது, இறக்க மாட்டேங்கிறார். நான் அமுக்கிற வரைக்கும் இறக்க மாட்டார்னு புரிஞ்சுது. அதனால அமுக்கினேன். ரெண்டு தடவை.

அந்த ரெண்டும் அவரோடது. அவர் மன்னிச்சுட்டார், நீ நிம்மதியா இரு. நான் மன்னிக்கலை. எப்பவாவது முடியுமான்னும் தெரியலை, அதைப் பத்திப் பொய் சொல்ல எனக்கு வராது.

பஸ் தினமும் பத்து மணிக்கு வரும். நீ ஸ்டாப்புல நின்னா நான் நிறுத்தித்தான் ஆகணும், பக்கத்துல அவர் பார்த்துக்கிட்டு இருப்பார். நிறுத்தாமப் போனா அவர் மனசு சங்கடப்படும். அதனால தயவு செஞ்சு நிக்காதே.

அக்கா